க்ளீட்டஸின் பூட்டு

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. இடது முட்டி. இருபத்தெட்டு வருஷம் நீராவிக் குழாய்களுக்கு நடுவே மண்டி போட்டுத் தவழ்ந்ததற்கு இந்தப் பல்கலைக்கழகம் டெல்பர்ட் நோவோட்னிக்குக் கொடுத்தனுப்பிய சீர் அது. ஜனவரியில் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசினால் எலும்புக்குள் யாரோ திருப்புளியை வைத்து முறுக்குவது போல இருக்கும்.

"தாத்தா, வாத்து மாதிரி நடக்காத. நாலு மணிக்கு மேல உள்ள விடமாட்டாங்க."

பேத்தி ப்ரின். பதினேழு வயது. நான்கு வயதில் அவளை அவரிடம் விட்டுவிட்டு அவள் அம்மா அரிசோனா போனாள். வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வரும். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். டெல்பர்ட்டுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்தப் பெண் ஒருத்திதான். அவள் இங்கே சேர விண்ணப்பித்திருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருஷமாக அவர் எட்டிப் பார்க்காத இடம். "போன்லயே எல்லாம் பாத்துக்கயேன்" என்று சொல்லிப் பார்த்தார். "நீ மேஸ்திரியா இருந்த இடம். உன்கூடத்தான் பாப்பேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

பார்வையாளர் அலுவலகத்தில், மூக்குத்தி போட்ட ஒரு மாணவி ஆளுக்கொரு இயர்போனும் வரைபடமும் கொடுத்தாள். கூட யாரும் வரமாட்டார்கள். வழியில் பன்னிரண்டு இடங்களில் எண் போட்ட கம்பங்கள் நிற்கும். அந்த எண்ணைப் போனில் அழுத்தினால் காதில் விவரம் வரும். அவரவர் வேகத்தில் நடந்துகொள்ளலாம். கடைசியாக மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தாள். எழுத்து அச்சை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி ப்ரின்னின் பெயரை அதில் பதித்தாள்.

"இது எதுக்கு?" டெல்பர்ட்டின் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"இங்க ஒரு வழக்கம் சார். பன்னிரண்டாவது நிறுத்தம் பழைய பாய்லர் கூடம். அங்க கம்பி வேலியில மாட்டிட்டு வரணும். பூட்டு மாட்டினவங்க இந்த இடத்தை விட்டுப் போகமாட்டாங்களாம். உங்களுக்கும் ஒண்ணு அடிக்கவா?"

"வேண்டாம்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். ப்ரின் அவரை முறைத்தாள். வெளியே வந்ததும் பூட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள்.

"சூடா இருக்கு தாத்தா."

"ஹீட்டர் மேல வச்சிருப்பாங்க."

அந்த மேஜை பக்கத்தில் ஹீட்டர் எதுவும் இல்லை. அதை அவர் பார்த்திருந்தார்.

முதல் மூன்று நிறுத்தங்கள் பிரச்சினை இல்லாமல் போயின. நூலகம், மணிக்கூண்டு, எவனோ ஒரு பணக்காரன் தன் அம்மா பெயரில் கட்டிய அரங்கம். காதில் ஒரு இளம்பெண், தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு பேசினாள். ப்ரின் எல்லாவற்றையும் படம் எடுத்தாள். டெல்பர்ட் கட்டடங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நிலத்துக்கு அடியில் நீராவிக் குழாய் ஓடுகிற இடத்தில் பனி தங்காது. முழங்கால் உயரப் பனிக்கு நடுவே இரண்டடி அகலத்துக்கு ஒரு பட்டை, ஈர மண்ணும் பச்சைப் புல்லுமாக நீளும். மாணவர்களுக்கு அது நடக்க வசதியான வழி, அவ்வளவுதான். குழாய் வேலை பார்க்கிற பிட்டர்களுக்கு அதுதான் வரைபடம். எந்தப் பட்டைக்குக் கீழே எத்தனை அங்குலக் குழாய், எந்த இடத்தில் வால்வு, எந்த மேன்ஹோல் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

நான்காவது கம்பத்துக்குப் போகும்போது நின்றார்.

பட்டை இடது பக்கம் திரும்பியிருந்தது. பெரிய புல்வெளியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, பழைய சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி, நூல் பிடித்தது போல நேராக. அங்கே குழாய் கிடையாது. அந்தப் புல்வெளிக்குக் கீழே வெறும் பாறை. அவர் அதன் ஓரத்தில் நின்று ஷூ நுனியால் மண்ணைத் தொட்டார். கதகதப்பு தோலைத் தாண்டி விரலுக்கு ஏறியது. ஈர மண்ணிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து, காற்றில் சாயாமல், நின்ற இடத்திலேயே நின்றது.

"புதுசா லைன் போட்டிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜனவரியில் எவன் தோண்டுவான் என்ற கேள்வியை மென்று விழுங்கினார்.

ஐந்தாவது கம்பம் சாப்பாட்டுக் கூடத்து வாசலில், அந்தப் பட்டை போய் முடிகிற இடத்தில் நின்றது. ப்ரின் எண்ணை அழுத்தினாள். அவரும் அழுத்தினார். இருவர் காதிலும் அதே சிரிப்புக்காரப் பெண்.

"இந்த வளாகத்துக்கு அடியில ஆறு மைல் சுரங்கம் இருக்குன்னு தெரியுமா? அந்தக் காலத்துல பழுது பாக்க உள்ள இறங்கற ஒவ்வொரு தொழிலாளியும் தன் பேர் போட்ட பூட்டை வால்வுச் சக்கரத்துல மாட்டிட்டுத்தான் இறங்குவார். அவரே வந்து கழட்டற வரைக்கும் நீராவியைத் திறக்க யாருக்கும் உரிமை கிடையாது. நீங்க வேலியில மாட்டப்போற பூட்டும் அந்த வழக்கத்துலேருந்து வந்ததுதான். ஒருத்தர் மட்டும் பூட்டு மாட்ட மறந்துட்டு உள்ள போய் உயிரை விட்டார்னு சொல்றாங்க. அவர் பேர் க்ளீட்டஸ் மேய்ஸ்."

ப்ரின் இயர்போனைக் கழற்றினாள். "தாத்தா, இது உன் காலத்துலதானே? அவரை உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிச் செத்தாரு?"

"வெந்து."

அவள் முகம் சுருங்கியது. "ஐயோ. நிஜமாவே பூட்டை மறந்துட்டாரா?"

டெல்பர்ட் அவள் கண்களைப் பார்த்தார். பதின்மூன்று வருஷமாக அந்தக் கண்களுக்கு அவர் தப்பே செய்யாத மனுஷன். பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்தவர்' என்று எழுதச் சொன்னால் அவரைத்தான் எழுதுவாள். 'என் தாத்தா பொய் சொல்லமாட்டார்' என்று முதல் வரி. அந்தத் தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

"கவனம் கெட்டவன்" என்றார். "பூட்டே மாட்டல."

காலுக்கடியில், ஆழத்தில், இரும்பில் இரும்பு பட்டது.

டங். டங். டங்.

"அது என்ன சத்தம்?" என்றாள் ப்ரின்.

"குழாய் குளிருது. சுருங்கும்போது அப்படித்தான்."

குழாய் சுருங்கினால் சத்தம் ஒழுங்கில்லாமல் வரும். மூன்று தட்டு, நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு என்று வராது. அது பிட்டர்களின் பாஷை. உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாதம். இதே கூடத்தில் பல்கலைக்கழகத் தலைவர் கொடையாளர்களுக்கு விருந்து வைத்திருந்தார். மேற்கு வர்ஜீனியா மலையிலிருந்து பிழைக்க வந்த க்ளீட்டஸ் சுரங்கத்தில் கசிவு அடைத்துக்கொண்டிருந்தான். அவன் பூட்டு வால்வுச் சக்கரத்துச் சங்கிலியில் தொங்கியது. வாக்கிடாக்கியில் நிதானமாகத்தான் கேட்டான்: "மேஸ்திரி, இன்னும் அரை மணி நேரம் குடுங்க. முடிச்சிடுறேன்." மேலேயிருந்து போன் மேல் போன். பெண்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இப்போது சூடு வேண்டும், முடியாவிட்டால் வேறு மேஸ்திரியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். டெல்பர்ட் வாக்கிடாக்கியில் ஒரு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. வேறு வழியாக ஏறியிருப்பான் என்று தனக்குத்தானே சொன்னார். அதை அவர் அப்போதே நம்பவில்லை. போல்ட் கட்டரை எடுத்துப் பூட்டை வெட்டினார். சக்கரத்தைப் பதினோரு சுற்றுத் திருப்பினார். பதினோராவது சுற்றில் குழாய் வழியாக அந்த மூன்று தட்டு வந்தது. திருப்பி மூடவும் பதினோரு சுற்று.

ஏணியை நோக்கி எழுபதடி தவழ்ந்து வந்திருந்தான் க்ளீட்டஸ். விசாரணையில் டெல்பர்ட் கையை உயர்த்திச் சத்தியம் செய்து சொன்னார்: பூட்டு இல்லை. வெட்டிய பூட்டு அதற்கு முந்தின நாளே ஏரிக்குள் போயிருந்தது. 'சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதி மூடினார்கள். க்ளீட்டஸின் மனைவி ஆர்டித் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கே திரும்பினாள். அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம்: க்ளீட்டஸ் மாதிரி செத்துப்போகாதே.

"நான் முன்னாடி போறேன்" என்றாள் ப்ரின். இருட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. "நீ ஆமை மாதிரி வந்து சேரு. பன்னிரண்டுல நிக்கிறேன். வரும்போது உனக்குப் பிடிச்ச பியெரோகி கொழுக்கட்டை வாங்கித் தர்றேன், முகத்தைத் தூக்கி வச்சிக்காத."

"ப்ரின், இரு. சேர்ந்தே போலாம்."

அவள் ஏற்கெனவே இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கையில் பித்தளை மின்னியது. அவள் நடந்தது பனி உருகிய பட்டை மேல். அவளுக்கு முன்னால் பட்டை நீண்டுகொண்டே போவதை அவர் பார்த்தார். அவள் அடி எடுத்து வைக்க வைக்க, முன்னால் இருந்த பனி மெல்லக் குழைந்து, கறுத்து, வழிவிட்டது.

ஓட முயன்றார். முட்டி மடங்கிக்கொண்டது.

ஆறாவது கம்பத்தில் அவர் எண்ணை அழுத்தவில்லை. போன் பையில் கிடந்தது. ஆனாலும் காதில் சத்தம் வந்தது. சிரிப்புக்காரப் பெண் இல்லை. முதலில் மூச்சு மட்டும், குறுகலான இடத்தில் மல்லாந்து படுத்திருப்பவன் விடுகிற மூச்சு. பிறகு புதினா கலந்த வாய்ப்புகையிலையின் வாசனை. காற்று ஏரியிலிருந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றிலும் வாசனை கலையவில்லை. அதற்கடியில் துரு, ஈரச் சுண்ணாம்பு, சூடேறிய எண்ணெய். சுரங்கத்தின் வாசனை. பதினோரு வருஷம் சோப்புப் போட்டுக் கழுவியும் அவர் கனவில் விடாத வாசனை.

"மெதுவா வாங்க, மேஸ்திரி" என்றது குரல். "முட்டி வலிக்குமில்ல."

மலைக்காரனின் இழுவைப் பேச்சு. அவசரமே இல்லாத பேச்சு.

டெல்பர்ட் இயர்போனைப் பிடுங்கிப் பனியில் எறிந்தார். குரல் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த இரும்புக் கிராதிக்கு அடியிலிருந்து, ஆவியோடு சேர்ந்து மேலே வந்தது.

"பொண்ணு நல்லா வளந்திருக்கா. என் மூத்தவளுக்கு அப்ப ஏழு வயசு. அப்பன் கவனம் கெட்டவன்னு கேட்டுக் கேட்டே வளந்தா."

"க்ளீட்டஸ்" என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பூட்டு இருந்துச்சா, இல்லையா? இங்கயே நின்னு சத்தமாச் சொல்லுங்க. அவளுக்குக் கேக்கட்டும். சொல்லிட்டீங்கன்னா அவளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

ப்ரின் அதிக தூரத்தில் இல்லை. விளக்குக் கம்பத்தின் கீழே குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கத்தினால் கேட்கும். வகுப்பு முடிந்து மாணவர்கள் கூட்டமாக அவர்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் காப்பிக் கோப்பையோடு நின்று, "சார், ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டான்.

டெல்பர்ட் வாயைத் திறந்தார். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாள் கண்முன் வந்தது. முதல் வரி.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றார். "முட்டி வலி."

கிராதிக்கு அடியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ப்ரின் நிமிர்ந்து நடந்தாள். விளக்கு வட்டத்தைத் தாண்டினாள். இருட்டு.

அதற்குப் பிறகு அவர் கம்பங்களை எண்ணவில்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். அவர் கடந்த ஒவ்வொரு மேன்ஹோல் மூடியும், அவர் கடந்த பிறகு, ஒரு தரம் உள்ளிருந்து முட்டியது.

பன்னிரண்டாவது நிறுத்தம். பழைய பாய்லர் கூடம். புகைபோக்கி வானத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வேலி முழுக்கப் பூட்டுகள், நூற்றுக்கணக்கில், காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ப்ரின் அங்கே இல்லை. அவள் பூட்டும் இல்லை. கூடத்தின் இரும்புக் கதவு ஓர் ஆள் நுழையும் அளவு திறந்திருந்தது. வாசற்படியில் அவளுடைய நீலக் கையுறை ஒன்று கிடந்தது. எடுத்தார். ஈரம். சூடு.

"ப்ரின்!"

உள்ளே, கீழேயிருந்து:

"தாத்தா? இங்கதான் இருக்கேன். படியில இறங்கி வரணும்னு காதுல சொல்லிச்சு. கதவு சாத்திக்கிச்சு. ஒண்ணும் தெரியல தாத்தா."

இறங்கினார். பதினான்கு படி, அவருக்கு எண்ணிக்கை தெரியும். ஒவ்வொரு படிக்கும் காற்று கனத்தது. கடைசிப் படியில் ஆவி இடுப்பு வரை, பிறகு நெஞ்சு வரை. போன் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டு அவர் முகத்துக்கே திரும்பியது. கை நீட்டித் தடவினார். கம்பிக் கதவு. சுரங்க வாய்க் கதவு. அதன் பின்னால், கொஞ்சம் உள்ளே தள்ளி:

டங். டங். டங்.

"நீதானே தட்டுற? ப்ரின்?"

"ஆமா. தட்டச் சொன்னாரு."

"யாரு?"

கதவை உலுக்கினார். அசையவில்லை. விரலுக்குச் சங்கிலி அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனார். கண்ணி கண்ணியாக. கடைசியில் ஒரு பூட்டு. உள்ளங்கைக்குள் அடங்கியது. சூடாக இருந்தது. காலில் ஏதோ இடறியது. குனிந்தார். நீளமான இரண்டு பிடி, ஒன்றில் சுற்றிய டேப், நுனி பிய்ந்தது. அவர் சுற்றிய டேப். அவருடைய போல்ட் கட்டர்.

யோசிக்கவில்லை. பூட்டில் யார் பெயர் என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. யார் பெயர் இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றே நினைத்தார்.

வெட்டினார்.

அதே சத்தம். முப்பத்தோரு வருஷமாகக் காதில் கிடந்த சத்தம்.

சங்கிலி சரசரவென்று ஓடியது. கம்பிக் கதவு திறக்கவில்லை. சங்கிலி ஓடியது கதவிலிருந்து இல்லை. அவருக்கு வலது பக்கம். தோள் உயரத்தில். ஆவி கொஞ்சம் விலகியது.

வால்வுச் சக்கரம்.

வெட்டிய பூட்டு காலடியில் கிடந்தது. போனைத் தாழ்த்தினார். புதுப் பித்தளை. சற்று முன் அச்சு வைத்துத் தட்டிய எழுத்துகள்.

ப்ரின்.

சக்கரம் நகர்ந்தது. ஒரு கை அகலம். தானாக.

பாய்ந்து பிடித்தார். முழு உடம்பையும் அதன் மேல் போட்டார். உள்ளங்கைத் தோல் இரும்பில் ஒட்டிப் பொசுங்கியது. விடவில்லை. சக்கரம் அவரையும் சேர்த்துத் திருப்பியது. ஒன்று. சுவருக்குள் எங்கோ குழாய் முனகியது.

"பூட்டு இருந்துச்சு!" கத்தினார். தொண்டை கிழிந்தது. "க்ளீட்டஸ், பூட்டு இருந்துச்சு! உன் பேர் போட்ட பூட்டு! நான்தான் வெட்டினேன்! தெரிஞ்சே வெட்டினேன்! பொய்ச் சத்தியம் பண்ணினேன்! பொண்ண விட்டுடு!"

சக்கரம் நின்றது.

எல்லாம் நின்றது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

கம்பிக் கதவுக்கு அப்பால், மிக மெதுவாக:

"தாத்தா... நீயா?"

சக்கரத்தைப் பிடித்தபடியே அழுதார்.

பிறகு அவள் குரலுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உட்கார்ந்து பேசுவது போல, அந்த இழுவைக் குரல்:

"கேட்டுச்சு, மேஸ்திரி. பேரைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. அந்தக் கணக்கு நேராச்சு. ஆனா நான் மேல கேட்டப்பவே அங்க நின்னு சொல்லியிருக்கலாம்."

சக்கரம் அவர் கைக்குள் மறுபடி நகர்ந்தது. இரண்டு. மூன்று. பின்னோக்கி இழுத்தார், பல்லைக் கடித்து, கால் வழுக்க, முட்டிக்குள் ஏதோ அறுந்து தெறிக்க. நான்கு. ஐந்து. குழாய் அதிர்ந்து தூசி கொட்டியது. எட்டு. ஒன்பது. புதினாப் புகையிலை வாசனை முகத்தில் அடித்தது. பத்து.

"தாத்தா" என்றாள் ப்ரின். அழவில்லை. நிதானமாக, யாரோ சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது போல. "இன்னும் அரை மணி நேரம் குடு தாத்தா."

பதினொன்று.

நீராவி சுரங்கத்துக்குள் இறங்கிய ஓசை, தூரத்தில் ரயில் வருவது போலத் தொடங்கியது. அதன் நடுவே மூன்று தட்டு. பிறகு வேகமாக மூன்று தட்டு. மேலே வேலியில் பூட்டுகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின. டெல்பர்ட் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார், தோலில்லாத கைகளால், எண்ணிக்கொண்டே. ஒவ்வொரு சுற்றும் முடியும்போது சக்கரம் வழுக்கி, முழுக்கத் திறந்த நிலைக்கே திரும்ப வந்து நின்றது.

க்ளீட்டஸ் மேய்ஸுக்குத் தர வேண்டிய அரை மணி நேரம் இன்னும் பாக்கி.